விரல் நுனிக் கொப்புளம்: குத்துவதா, மாத்திரை போடுவதா, பெரியாஸ்பத்திரிக்குப் போவதா?

மலையகத்தில் விரல் நுனி வீங்கிச் சிவந்து நொந்தால், அது எதுவானாலும் பெயர் ஒன்றுதான்: நகச்சுற்று. பெயர் ஒன்றாக இருப்பதால் வைத்தியமும் ஒன்றாகிவிடுகிறது. முதலில் தேசிக்காயைக் குடைந்து விரலில் மாட்டுவார்கள். அதில் கேட்காவிட்டால் தையல் ஊசியை விளக்கில் காட்டிக் குத்துவார்கள். அதிலும் கேட்காவிட்டால் டவுன் பாமசியில் அமொக்சிசிலின் ஏழெட்டு வாங்கி விழுங்குவார்கள். ஆனால் அந்த ஒரு பெயருக்குள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நாலைந்து நோய்கள் ஒளிந்திருக்கின்றன. ஒன்றைத் திறந்துவிட வேண்டும். ஒன்றில் கத்தியே படக் கூடாது. இன்னொன்றுக்கு ஊசிக்குத்து போதாது, ஆழமாக வெட்ட வேண்டும், அதையும் தள்ளிப்போடாமல் செய்ய வேண்டும். ஆகவே எந்த மருந்து என்று கேட்பதற்கு முன்னால் எந்தக் கொப்புளம் என்று பார்க்க வேண்டும்.

இங்கே முக்கியமாகப் பேசப்போவது மருத்துவர்கள் ‘பிளிஸ்டரிங் டிஸ்டல் டக்டிலைட்டிஸ்’ என்று எழுதும் நோயைப் பற்றி. விரலின் கடைசிக் கணுச் சதையில் கிருமி தொற்றிக் கொப்புளமாக எழும்பும் நோய் அது. 1970களில் ஹேஸ், முல்லார்ட் என்ற இரு மருத்துவர்கள் இதைத் தனி நோயாக விவரித்தபோது அவர்கள் கண்டது சிறுவர்களிடம். இன்றைக்கும் 2 வயதுக்கும் 16 வயதுக்கும் இடைப்பட்டவர்களுக்குத்தான் அதிகம் வருகிறது. வளர்ந்தவர்களுக்கு வருவது குறைவு. வந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கிறதா என்று தேடுவது வழக்கம். நீரிழிவு, ஸ்டீரொய்ட் மாத்திரையை நீண்ட நாள் குடிப்பது, எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் வேறு நோய்கள் ஆகியவை முதலில் வரும். அவை எதுவும் இல்லாத ஆளுக்கும் வரலாம். அப்படி வரும்போது பெரும்பாலும் விரலில் வாசல் திறந்திருக்கும்: கொழுந்து கிள்ளிக் கிள்ளி வெடித்த பெருவிரல், கவ்வாத்துக் கத்தி பட்ட கீறல், கரட் கழுவிக் கழுவி ஊறிப்போன தோல், சீனி பார்க்கக் குத்திய துளை.

கொப்புளத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தால்

பகல் வெளிச்சத்தில் இரண்டு கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ரேகை பதிகிற பக்கத்தில், நகத்துக்கு நேர் எதிரே, ஒரேயொரு கொப்புளம். முட்டை வடிவம், 1 முதல் 3 சென்ரிமீற்றர் வரை அகலம், சுற்றிலும் சிவப்பு. அந்த இடத்துத் தோல் தடிப்பானது, அதனால் கொப்புளம் சுலபத்தில் உடையாமல் இறுகி நிற்கும். உள்ளே இருப்பது கட்டிச் சீழ் அல்ல, சோற்றுக் கஞ்சித்தண்ணீர் மாதிரி ஐதான வெண்ணீர். சிலருக்கு ஓரமாக நகமடிப்பு வரை ஏறும். வலி இருக்கும், ஆனால் தூக்கம் கெடுகிற அளவுக்கு இருக்காது. காய்ச்சல் பெரும்பாலும் வராது. இதுதான் நாம் பேசும் நோய். காரணம் பெரும்பாலும் குறூப் ஏ ஸ்ட்ரெப்டோகொக்கஸ், அதாவது பிள்ளைகளுக்குத் தொண்டைப்புண் தருகிற அதே கிருமி. அடுத்த இடத்தில் ஸ்டெபிலோகொக்கஸ் ஓரியஸ் நிற்கிறது. ஒரே நேரத்தில் இரண்டு மூன்று விரல்களில் கொப்புளம் வந்தால் ஸ்டெபிலோகொக்கஸைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

இப்போது இதைப்போலவே தோன்றி ஏமாற்றுகிறவை.

அக்கிக் கிருமியின் வகையைச் சேர்ந்த ஹெர்ப்பீஸ் சிம்பிளெக்ஸ் விரலில் வரும்போது கொப்புளம் வருவதற்கு ஒரு நாள் இரண்டு நாள் முன்னாலேயே அந்த இடம் எரியும், குறுகுறுக்கும். பிறகு கடுகளவு கொப்புளங்கள் கொத்தாக எழும்பும், திராட்சைக் குலையைச் சின்னதாக்கி ஒட்டியதுபோல. உள்ளே முதலில் தெளிந்த நீர் இருக்கும், நாலைந்து நாளில் அது கலங்கும். அப்படிக் கலங்கும்போதுதான் எல்லோரும் சீழ் என்று நினைத்து ஊசியை எடுக்கிறார்கள். விரலைப் பார்த்தால் சின்ன விஷயம், வலியோ தாங்க முடியாதது: இந்தப் பொருத்தமின்மைதான் இதன் முத்திரை. முன்பும் இதே விரலில் வந்ததா என்று கேளுங்கள். வந்தது என்றால் சந்தேகம் பாதி தீர்ந்தது. இதைத் திறந்தால் வைரஸ் பக்கத்துத் தோலுக்குப் பரவும், திறந்த புண்ணில் பக்டீரியாவும் குடியேறும். தொடாமல் மூடி வைத்தால் 2, 3 கிழமையில் தானாக ஆறும். முதல் 48 மணித்தியாலத்துக்குள் டொக்டரைக் கண்டால் அசைக்ளோவிர் தருவார், அது நாளைக் குறைக்கும்.

அடுத்தது ஆழச் சீழ். இதில் மேலே கொப்புளமே இருக்காது. விரல் நுனிச் சதை முழுவதும் கல் மாதிரி இறுகி, இதயத் துடிப்போடு சேர்ந்து விண் விண்ணென்று தெறிக்கும். கையைத் தொங்கவிட்டால் கூடும், தூக்கிப் பிடித்தால் கொஞ்சம் அடங்கும், இரவில் தூங்க விடாது. விரல் நுனிச் சதை ஒரே பை அல்ல. தோலிலிருந்து எலும்பு வரை ஓடும் நார்கள் அதைச் சின்னச் சின்ன அறைகளாகப் பிரிக்கின்றன. சீழ் அந்த அறைகளுக்குள் சிக்கினால் விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறுகிறது. அழுத்தம் ஏற ஏற இரத்த ஓட்டம் நெரிபடுகிறது. நுனி எலும்பு சாகத் தொடங்குவது அப்படித்தான். இதற்கு மாத்திரை மட்டும் போதாது. விரல் அடியில் மரக்கும் ஊசி போட்டு, சதையைப் பிளந்து, சீழை வெளியேற்ற வேண்டும்.

அசல் நகச்சுற்று நகத்தின் ஓரத்தில்தான் இருக்கும், ரேகைப் பக்கம் வராது. ஆரம்பத்தில் வெதுவெதுப்பான உப்புநீரில் ஊறவைத்தாலே பலருக்கு அடங்கும். சீழ் கட்டினால் நகமடிப்பைத் தூக்கி வடிப்பார்கள்.

மற்றவை சுருக்கமாக. நுவரெலியா, அம்பேவலைப் பக்கத்துக் குளிரில் பல விரல்கள் ஒன்றாக ஊதா நிறமாகி அரிப்போடு வீங்கினால் அது குளிர்வீக்கம், கிருமி அல்ல. உள்ளங்கை, விரலோரமெங்கும் ஜவ்வரிசி மாதிரிப் பொடிக் கொப்புளங்களும் கடும் அரிப்பும் இருந்தால் எக்சிமா. ஆடு வளர்க்கிறவர்களுக்கும் பால் கறக்கிறவர்களுக்கும் விரலில் ஒரு தடித்த முடிச்சு வந்து நடுவில் கொப்புளித்து நிற்கும். அது விலங்கிலிருந்து தொற்றும் வைரஸ், ஏறக்குறைய 6 கிழமையில் தானே போகும், அதையும் வெட்டத் தேவையில்லை. ஆட்டின் வாயில், மாட்டின் மடியில் புண் இருந்ததா என்பதை மறக்காமல் டொக்டரிடம் சொல்லுங்கள். கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

குத்துவதா, விடுவதா, திறந்துவிடுவதா

உராய்வால் வந்த கொப்புளத்தையும் சுடுதண்ணீர் பட்டு வந்த கொப்புளத்தையும் உடைக்காமல் விடு என்பது சரியான புத்தி. மேல்தோல் அங்கே நல்ல கட்டாக வேலை செய்கிறது. பக்டீரியாவால் வந்த கிருமிக் கொப்புளத்துக்கு அந்தப் புத்தி பொருந்தாது. உள்ளே இருக்கும் நீர் முழுக்கக் கிருமி. தடித்த கூரைக்குக் கீழே தேங்கி நிற்கும் நீருக்குள் இரத்தத்தில் வரும் மருந்தும் சரியாகப் போய்ச் சேராது. ஆகவே இதைத் திறந்துவிடத்தான் வேண்டும். யார், எதனால், எவ்வளவு ஆழத்துக்குத் திறப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

வீட்டு ஊசி ஏன் கூடாது என்பதற்குச் சுத்தம் மட்டும் காரணமல்ல. மண்ணெண்ணெய் விளக்கில் காட்டிய ஊசியில் கரி படியும், அந்தக் கரி புண்ணுக்குள் போகும், அது ஒரு பக்கம். ஊசித் துளை சில மணித்தியாலத்தில் அடைத்துக்கொள்ளும், நீர் மறுபடி கட்டும், அது இன்னொரு பக்கம். பெரிய ஆபத்து மூன்றாவது. கொப்புளத்தின் கூரை செத்த தோல், அதன் தரையோ உயிருள்ள சதை. நடுவில் நேராகக் குத்தும் கை எங்கே நிற்க வேண்டும் என்று அறியாது. தரையைத் துளைத்தால், தோலின் மேல்மட்டத்தில் இருந்த கிருமியை மேலே சொன்ன அந்த நார் அறைகளுக்குள் நாமே கொண்டுபோய் விட்டதாகும். மேலோட்டமான நோய் ஆழச் சீழாக மாறுவதற்கு இதைவிடக் குறுக்குவழி இல்லை.

கிளினிக்கில் செய்யும் முறை வேறு. கையைக் கழுவி, போவிடோன் அயடீன் பூசி, அது காயும் வரை ஒன்றிரண்டு நிமிடம் விடுவார்கள். பிறகு கிருமி நீக்கிய ஊசியின் முனையையோ சின்னக் கத்தியையோ சதைக்குச் சமாந்தரமாகப் படுக்கவைத்து, கொப்புளத்தின் தாழ்ந்த ஓரத்தில் கூரையை மட்டும் கீறுவார்கள். செத்த தோல் என்பதால் பெரும்பாலும் மரக்கும் ஊசி தேவைப்படாது. வெளிவரும் நீரில் ஒரு பஞ்சுக்குச்சியைத் தோய்த்துப் பரிசோதனைக்கு அனுப்பலாம். நுணுக்குக்காட்டியில் கிருமிகள் மாலை கோத்ததுபோல் தெரிந்தால் ஸ்ட்ரெப்டோகொக்கஸ், குலைகுலையாகத் தெரிந்தால் ஸ்டெபிலோகொக்கஸ். நீரிழிவுக்காரருக்கும், முன்பு மருந்து குடித்துக் கேட்காதவருக்கும் இந்தப் பரிசோதனையைக் கேட்டு வாங்குவது நல்லது. மாத்திரையின் முதல் வேளைக்கு முன்னால் எடுத்தால்தான் அதற்கு மதிப்பு.

ஹெர்ப்பீஸா கிருமிக் கொப்புளமா என்று டொக்டருக்கே தெளிவில்லாவிட்டால், வெட்டாமல் ஒரு நாள் பொறுப்பதுதான் எங்கள் பார்வையில் சரி. ஒரு நாள் தாமதத்தால் மேலோட்டக் கொப்புளத்துக்குப் பெரிய கேடு வராது. தவறான வெட்டு ஹெர்ப்பீஸ்காரரை மாதக்கணக்கில் வருத்தலாம்.

தேசிக்காயைப் பற்றி ஒரு சொல். அதைப் பழிக்க வேண்டியதில்லை, விரலை அசைக்காமல் மூடி வைத்ததால் சிலருக்கு இதமாக இருந்திருக்கும். ஆனால் காற்றோட்டமில்லாமல் அமிலத்தில் ஊறிய தோல் வெளுத்துப் பிய்ந்துபோகிறது. சிவப்பு எங்கே வரை ஏறியது என்றும் தெரியாமல் போகிறது. தேசிக்காய்ச் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் அந்தச் சாறே கொப்புளம் போடும். மஞ்சள், சாணம், பற்பசை, மண்ணெண்ணெய் எல்லாவற்றுக்கும் விடை ஒன்றுதான்: வேண்டாம்.

பாதை மண்சரிவில் அடைபட்டு இரண்டு நாள் இறங்க முடியாது என்றால் வீட்டில் செய்யக்கூடியது இது. அரை லீற்றர் கொதித்தாறிய தண்ணீரில் மட்டமாக ஒரு தேக்கரண்டி உப்பு. வெதுவெதுப்பாக, ஒரு நாளைக்கு 3 தடவை, ஒவ்வொன்றும் 10 முதல் 15 நிமிடம் ஊறவைக்க வேண்டும். சீனி வருத்தத்தால் விரல் மரத்தவர்கள் சூட்டைத் தாங்களே பார்க்கக் கூடாது, வேறொருவர் முழங்கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். உணர்வில்லாத விரலைச் சுடுநீரில் வைத்து வெந்துபோவது நடக்கிற விஷயம். பிறகு சுத்தமான துணியால் ஒற்றி, தளர்வாகக் கட்டி, கையை நெஞ்சுக்கு மேலே தூக்கி வையுங்கள். மோதிரத்தை முதல் நாளே கழற்றிவிடுங்கள், வீங்கிய பிறகு அறுக்கத்தான் வேண்டிவரும். சிவப்பின் எல்லையில் போல்பொயின்ற் பேனாவால் கோடு போட்டு நேரத்தை எழுதிவையுங்கள். அந்தக் கோட்டைச் சிவப்பு தாண்டினால் பாதை திறக்கும் வரை பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது.

பூசுவதா, விழுங்குவதா

ஒயின்மென்ட் மலிவு, வயிற்றைக் கெடுக்காது, வேலைக்குப் போகலாம். ஆனால் இந்த நோய்க்கு அது மட்டும் போதாது. மியூபிரோசின், பியூசிடிக் அசிட் இரண்டும் மேல்தோல் கிருமிக்கு நல்ல மருந்துகள்தான். தடித்த விரல் நுனித் தோலுக்கு அடியில் அவை இறங்குவதில்லை. திறந்துவிட்ட புண்ணின் மேல் டொக்டர் சொன்னால் பூசலாம், மாத்திரைக்குப் பதிலாக அல்ல. பாமசியில் ‘எல்லாவற்றுக்கும் நல்லது’ என்று தரும் டியூப்களில் பல பெட்டாமெதசோன் கலந்தவை. அது ஸ்டீரொய்ட். சிவப்பும் வலியும் இரண்டு நாள் குறைந்து நிம்மதி தரும், உள்ளே கிருமி வளரும். வாங்குவதற்கு முன் டியூபில் சேர்மானத்தைப் படியுங்கள், அல்லது படித்துச் சொல்லச் சொல்லுங்கள்.

அடுத்து எந்த மாத்திரை. மலையகத்தில் அதிகம் பிழைபடும் இடம் இது.

அமொக்சிசிலின் தனியாக வேலை செய்யுமா? ஸ்ட்ரெப்டோகொக்கஸ் மட்டும்தான் என்றால் செய்யும். இந்தக் கிருமி இன்றுவரை பெனிசிலினுக்கு அடங்கியே இருக்கிறது. ஆனால் ஸ்டெபிலோகொக்கஸில் பெரும்பாலானவை பெனிசிலினையும் அமொக்சிசிலினையும் உடைத்துப்போடும் நொதியைச் சுரக்கின்றன. விரலைப் பார்த்து எந்தக் கிருமி என்று சொல்ல முடியாது. ஆகவே இரண்டையும் அடிக்கும் மருந்தோடு தொடங்குவதே விவேகம். பரிசோதனையில் ஸ்ட்ரெப்டோகொக்கஸ் மட்டும் என்று வந்தால் டொக்டர் பெனிசிலின் ‘வி’க்கு மாற்றலாம்.

குளொக்சசிலின் அரச வைத்தியசாலைகளில் வழக்கமாகத் தரும் மருந்து. வளர்ந்தவர்களுக்குப் பொதுவாக 500 மில்லிகிராம், நாளுக்கு 4 வேளை. இரண்டு கிருமிகளுக்கும் வேலை செய்யும். இதன் குறை நேரம்தான். வெறும் வயிற்றில் குடிக்க வேண்டும், அதாவது சாப்பாட்டுக்கு 1 மணித்தியாலம் முன், அல்லது சாப்பிட்டு 2 மணித்தியாலம் கழித்து. சோற்றோடு விழுங்கினால் உடம்பில் சேர்வது குறைந்துவிடும். மலைக்குக் கொழுந்து கிள்ளப் போகும் ஒருவர் இதை எப்படிக் குடிப்பார்? காலை 5 மணிக்கு எழுந்ததும், தேநீருக்கும் ரொட்டிக்கும் முன்னால் ஒன்று. 11 மணிக்கு, பகல் சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம் முன் மலையிலேயே ஒன்று. அதை ஒரு சின்னக் கடதாசியில் மடித்து எடுத்துப் போக வேண்டும். மாலை 5 மணிக்கு, நிறுவை முடிந்து வீடு வந்ததும் ஒன்று. இரவு 10 மணிக்கு, சாப்பிட்டு இரண்டு மணித்தியாலம் சென்று ஒன்று. பெரும்பாலும் தவறுவது 11 மணி வேளைதான். இந்த நேரங்களைக் கடைப்பிடிக்க முடியாது என்றால் அதை டொக்டரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், ஏனெனில் வேறு வழி இருக்கிறது.

அந்த வழிகளில் ஒன்று செஃபலெக்சின் 500 மில்லிகிராம், நாளுக்கு 3 அல்லது 4 வேளை. சாப்பாட்டோடும் குடிக்கலாம். வேலைக்குப் போகிறவருக்கு நாங்கள் இதைத்தான் வசதியாகக் காண்கிறோம். கோ-அமொக்சிகிளாவ் 625 மில்லிகிராம் நாளுக்கு 3 வேளை, சாப்பாட்டின் தொடக்கத்தில் குடித்தால் நல்லது. இது இன்னும் அகலமான மருந்து. மனிதரோ நாயோ பூனையோ கடித்த விரலுக்கு இதுவே முதல் தெரிவு. வயிற்றுப்போக்கு இதில் அதிகம், தனியாரில் வாங்கினால் விலையும் கூடுதல். நகத்தைக் கடிக்கும் பழக்கம் உள்ளவரின் விரலுக்கு இதை எழுதுவதில் நியாயமுண்டு. சாதாரணக் கொப்புளத்துக்கு இவ்வளவு தேவையில்லை.

பெனிசிலின் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குக் கணக்கு மாறுகிறது. குளொக்சசிலின், அமொக்சிசிலின், கோ-அமொக்சிகிளாவ் மூன்றும் பெனிசிலின் குடும்பம், பெயர் வேறானாலும் ஆள் ஒன்று. முன்பு உதடு வீங்கியோ மூச்சடைத்தோ போயிருந்தால் செஃபலெக்சினையும் தவிர்ப்பார்கள். எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின், கிளின்டாமைசின் ஆகியவற்றில் ஒன்றை டொக்டர் தெரிவார். கொலஸ்ட்ரோலுக்குச் சிம்வாஸ்டட்டின் அல்லது அட்டோர்வாஸ்டட்டின் குடிப்பவர்களும், வார்ஃபரின் குடிப்பவர்களும் முதலில் அதைச் சொல்ல வேண்டும். எரித்ரோமைசினும் கிளாரித்ரோமைசினும் அவற்றோடு மோதும். கிளினிக் கொப்பியைக் கையோடு கொண்டுபோனால் இந்தச் சிக்கல் வராது. சிப்ரோஃபிளொக்சசினைச் சிலர் பலமான மருந்து என்று கேட்டு வாங்குகிறார்கள், ஸ்ட்ரெப்டோகொக்கஸுக்கு அது நம்பத் தகுந்ததல்ல.

எத்தனை நாள்? இந்த நோய்க்கு வழக்கமாக எழுதுவது 10 நாள். குளொக்சசிலின் என்றால் 40 கப்சூல். கையில் 12 கப்சூல்தான் கிடைத்தது என்றால் அது 3 நாள் மருந்து. மிச்சத்துக்கு எப்போது வர வேண்டும் என்று கேட்காமல் வரிசையை விட்டு நகராதீர்கள். நாலாம் நாள் விரல் நன்றாகத் தெரியும், நோவும் இருக்காது. மருந்தை நிறுத்தத் தோன்றுவதும் அப்போதுதான். 48 மணித்தியாலம் மருந்து குடித்தும் சிவப்பு குறையவில்லை என்றால் காரணம் மூன்றில் ஒன்று: கொப்புளம் சரியாக வடியவில்லை, கிருமி மருந்துக்கு அடங்காதது, அல்லது முதலிலேயே நோயைப் பிழையாக எடுத்துவிட்டோம். மூன்றுக்கும் செய்ய வேண்டியது திரும்பப் போய்க் காட்டுவது. வேளையைக் கூட்டிக் குடிப்பதால் எதுவும் சரியாகாது.

வலிக்குப் பரசிற்றமோல் 500 மில்லிகிராம் இரண்டு, 6 மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, 24 மணித்தியாலத்தில் 8க்கு மேல் வேண்டாம். மெலிந்தவர்களுக்கும் ஈரல் நோய் உள்ளவர்களுக்கும் இதைவிடக் குறைவு. டைக்ளோஃபெனக்கைச் சொந்தமாக வாங்கிப் போடாதீர்கள். சீனி, பிரஷர் உள்ளவர்களின் சிறுநீரகத்துக்கு அது கெடுதி.

எங்கே காட்டுவது

தோட்ட டிஸ்பென்சரி கிட்டத்தில் இருக்கிறது, அரை நாள் வேலையும் மிஞ்சும். ஒரு விரலில், ஒரே கொப்புளம், காய்ச்சலில்லை, சீனி இல்லை என்றால் அங்கே தொடங்குவதில் பிழையில்லை. ஆனால் எல்லாத் தோட்டத்திலும் எம்.பி.பி.எஸ். டொக்டர் இருப்பதில்லை, பரிசோதனைக்கு அனுப்பும் வசதியும் இருக்காது. ஆகவே அங்கே கேட்க வேண்டியது இரண்டு: இது வெட்ட வேண்டியதா, சீனி இப்போதே பார்க்க முடியுமா. டவுன் தனியார் டொக்டரிடம் மாலையில் போகலாம், காத்திருப்பு குறைவு, காசு போகும். பாமசியில் நேராக மருந்து வாங்குவது ஒரு தெரிவே அல்ல. அங்கே விரலைத் திறந்துவிட யாருமில்லை, இந்த நோயில் பாதி வைத்தியம் திறந்துவிடுவதுதான்.

அரச வைத்தியசாலை வெளிநோயாளர் பிரிவில் மருந்தும் பரிசோதனையும் இலவசம். ஒரு நாள் போகும் என்பதே அதன் விலை. சீனி வருத்தக்காரர், ஸ்டீரொய்ட் குடிப்பவர், சிறுநீரக நோயாளர், கர்ப்பிணி ஆகியோர் டிஸ்பென்சரியைத் தாண்டி நேராக அங்கே போவதே நல்லது. சீனிக்காரரின் விரல் நோகவில்லை என்பதை நல்ல செய்தியாக எடுக்காதீர்கள். நரம்பு மரத்திருந்தால் எலும்பு வரை போனாலும் நோகாது.

பெரியாஸ்பத்திரி அவசர சிகிச்சைப் பிரிவுக்கு, நேரம் பாராமல் போக வேண்டிய நிலைகள் உண்டு. விரல் முழுவதும் வாழைப்பழம் மாதிரி ஒரே பருமனாக வீங்குவது, விரல் தானாக மடிந்து நிற்பது, விரலின் உள்ளங்கைப் பக்கம் நெடுகிலும் அழுத்தினால் நோவது, மற்றவர் மெல்ல நிமிர்த்தினால் உயிர் போவது. இந்த நாலும் சேர்ந்தால் கிருமி தசைநாண் உறைக்குள் இறங்கிவிட்டது என்று பொருள். நிமிர்த்தும்போது வரும் வலி மட்டும் இருந்தாலும் போங்கள், மற்ற மூன்றும் வரக் காத்திருந்தால் விரல் மடங்காமலே போய்விடலாம். மணிக்கட்டிலிருந்து மேலே சிவப்புக் கோடு ஓடுவது, அக்குளில் நெறிகட்டுவது, நடுக்கத்தோடு காய்ச்சல், விரல் நுனி கறுப்பது ஆகியவையும் அப்படியே. வாகனம் இல்லாவிட்டால் 1990க்கு அடியுங்கள், சுவசெரிய அம்புலன்ஸுக்குக் காசில்லை. நுவரெலியா, டிக்கோயா, பதுளை, கண்டி ஆஸ்பத்திரிகளில் கிட்டத்தில் உள்ளதற்குப் போங்கள். வெட்ட நேரலாம் என்பதால் போகும் வழியில் தேநீரும் குடிக்காமல் போனால் மரக்க வைப்பதற்கு வசதி. சீனிக்கு ஊசி போடுபவர் மட்டும் இதைப் பின்பற்றாமல் அம்புலன்ஸ்காரரிடம் கேட்டு நடக்கட்டும்.

எங்கே போனாலும் கேட்டு வாங்க வேண்டியவை இரண்டு. மண்ணோ எருவோ பட்ட வெட்டிலிருந்து தொடங்கிய புண் என்றால், கடைசி ஏற்புத் தடுப்பூசி (டெட்டனஸ்) போட்டு 5 வருடம் தாண்டியதா என்று பார்க்க வேண்டும். மற்றது இரத்தச் சீனி. இதுவரை சீனி இல்லை என்றிருக்கும் 40 வயதுக்காரருக்கு இந்தக் கொப்புளமே முதல் தபாலாக வரலாம். வெறும் வயிற்றில் 126 அல்லது அதற்கு மேல் வந்தால், புண் ஆறிய பிறகு மறுபடி பார்த்து உறுதிப்படுத்துவார்கள். கிருமித் தொற்று இருக்கும்போது சீனி தற்காலிகமாகவும் ஏறும். ஏற்கெனவே சீனி மருந்து குடிப்பவர் புண் ஆறும் வரை அதை ஒரு வேளையும் விடக் கூடாது, சீனி பார்க்க வேறு கையில் குத்த வேண்டும்.

மலைக்குப் போவதா, வீட்டில் இருப்பதா

ஒரு நாள் போனால் ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போய்விடும், அந்தக் கணக்கு தெரியாமல் யாரும் ‘ஓய்வெடுங்கள்’ என்று சொல்லக் கூடாது. ஆனாலும் கொழுந்து கிள்ளுவது பெருவிரல், சுட்டுவிரல் நுனிச் சதைகளால்தான். திறந்துவிட்ட கொப்புளத்தின் பச்சைத் தரையில் ஆயிரக்கணக்கான கிள்ளல் பட்டால் அது ஆறாது, ஈரமும் சாயமும் மண்ணும் உள்ளே போகும். ரப்பர் உறை போட்டுப் போகலாமா என்றால், மழைநாளில் உறைக்குள் விரல் அரை மணித்தியாலத்தில் ஊறிவிடும். வெறும் கையைவிட அது மேல், வீட்டில் இருப்பதைவிட மோசம்.

திறந்துவிட்ட நாளும் அதற்கடுத்த இரண்டு நாளும் வீட்டில். முடிந்தால் டொக்டரிடம் எழுதி வாங்கிக் கொடுங்கள். தரை காய்ந்து மெல்லிய பொருக்கு கட்டியதும், மற்றக் கையால் செய்யக்கூடிய, தண்ணீர் படாத வேலை கேட்டுப் பெறலாம். கிள்ளும் வேலைக்குப் பொதுவாக 7 முதல் 10 நாள் எடுக்கும். கட்டைத் தினமும் ஒரு தடவை மாற்ற வேண்டும், நனைந்தால் உடனே. ஒட்டிக்கொண்டால் இழுக்காமல் உப்புநீரால் நனைத்து எடுங்கள்.

இரண்டு தொழில்காரர்களுக்கு மட்டும் இந்தச் சலுகையும் இல்லை. சமையல் செய்பவரின் விரலில் ஸ்டெபிலோகொக்கஸ் இருந்தால், அது உணவில் விடும் நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. ஆறும் வரை சட்டி பானை தொடக் கூடாது. பிள்ளை மடுவத்தில் குழந்தை பார்ப்பவரின் விரலில் ஹெர்ப்பீஸ் இருந்தால், பொருக்கு உதிரும் வரை கைக்குழந்தைகளைத் தொடக் கூடாது. பிறந்து சில கிழமையான பிள்ளைக்கு அந்த வைரஸ் உயிரையே எடுக்கும்.

வீட்டில் துவாயைத் தனியாக்குங்கள். பிள்ளைகளில் யாருக்காவது தொண்டைப்புண்ணோ மூக்கடியில் தேன்நிறப் பொருக்குப் புண்ணோ இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அந்தப் பிள்ளைக்கும் வைத்தியம் வேண்டும், இல்லாவிட்டால் கிருமி லயத்துக்குள் சுற்றிச் சுற்றி வரும்.

10 நாள் முடிந்ததும் பழைய தோல் ஓடாகக் கழன்று, கீழே இளஞ்சிவப்புத் தோல் தெரியும். தழும்பு பெரும்பாலும் மிஞ்சாது. ஸ்ட்ரெப்டோகொக்கஸ் தோல்புண் வந்தவர்களில் சிலருக்கு 3 முதல் 6 கிழமைக்குள் சிறுநீரகம் பாதிக்கப்படலாம், மருந்தை முழுதாகக் குடித்தவருக்கும். விரல் நன்றாக ஆறிய பிறகு ஒரு காலையில் கண்ணிமை வீங்கி, சிறுநீர் பிளேன்டீ நிறத்தில் போனால், ஒரு சுத்தமான போத்தலில் அதைப் பிடித்துக்கொண்டு அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், விரலில் கொப்புளம் வந்த தேதியையும் சொல்லுங்கள்.